மணிச்சட்டைக்கு மஞ்சள்

என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரிக்கு என்னைவிட என் ஊசிகள்மேல்தான் அக்கறை. ஆரி ஊசியைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு அது ஏதோ ஆயுதம் மாதிரிதான் தெரியும். மரப்பிடி, நுனியில் கொக்கி. "ரவிக்கையில் மணி தைக்க" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. பெட்டிக்குள் இருந்த கல்யாண ரவிக்கையை எடுத்து விரித்துக் காட்டினேன். முதுகு முழுக்க மயிலும் மாங்காயும். அவர் பக்கத்து மேசைக்காரரை அழைத்தார், அவர் இன்னொருவரை அழைத்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் என்னை விட்டார்கள். மலேசியாவின் ஜொகூரில் என் முதல் கண்காட்சி அங்கேயே நடந்து முடிந்துவிட்டது.

ஈரோட்டில் நான் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் கடை வைத்திருக்கிறேன். ஜொகூரின் பாசிர் கூடாங் ஊர்த் தமிழர்கள் சிலர் சேர்ந்து 'உடுத்தும் கலை' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள், உங்கள் ரவிக்கையோடு வர முடியுமா என்று கேட்டபோது, கூப்பிட்டது வேறு யாரையோ என்றுதான் முதலில் நினைத்தேன். பல நாட்டுக் கைவேலைக்காரர்கள் வருவார்கள். ஆளுக்கு ஓர் உடை. அதை உள்ளூர்ப் பெண் ஒருத்தி உடுத்திக்கொண்டு மேடையில் நடப்பாள். மாடல் பெண்கள் கிடையாது, தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள்தான் நடப்பார்கள். அந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. என் கடைக்கு வருகிறவர்கள் யாரும் குச்சி மாதிரி இருப்பதில்லை.

அழைத்துப் போக வந்தவர் குமார். நான் தங்கப்போகிற வீட்டுக்காரர். பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கக்கா, காடி அந்தப் பக்கம் நிக்குது. கொஞ்சம் ஜாம் இருக்கும் லா, பயப்படாதீங்க" என்றார். கொஞ்சம் என்றால் என்ன அளவு என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் பன்னீர்செல்வம் பூங்கா நெரிசலில் நின்று பழகியவள் நான். இங்கே நெரிசலில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஹாரன் சத்தம் இல்லாவிட்டால் வண்டி நகரும் என்ற நம்பிக்கையே எனக்கு வராது.

பசிக்கு வழியில் ஒரு கடையில் நிறுத்தி ஜொகூர் லக்சா வாங்கிக் கொடுத்தார். மீன் குழம்பை ஸ்பகெட்டிமேல் ஊற்றித் தருகிறார்கள். "இத்தாலிக்காரன் சேமியாவுக்கு மீன் குழம்பா?" என்று கேட்டேன். "அலமாக், அக்கா, சாப்ட்டுப் பாத்துட்டுப் பேசுங்க" என்றார். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு பேசவில்லை. இன்னொரு தட்டு சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் சமையலறை மேடையில் சாய்ந்தபடி ஒரு பெண் கறுப்புக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கறுத்த கூந்தலைப் பின்னால் மடித்துக் கட்டியிருந்தாள், காதில் பெரிய நீலக்கல். குமாரின் மனைவி மகேஸ்வரி அடுப்பிலிருந்து திரும்பி, "அக்கா, இவங்கதான் வெர்னாக்கா, அமெரிக்காவிலேருந்து வந்தவங்க. காப்பி குடிச்சே ஆளு வாழ்றாங்க" என்றாள். வெர்னா கையை நீட்டவில்லை, முதலில் தன்னைச் சொன்னாள். அம்மா வழியில் இன்ன குலம், அப்பா வழியில் இன்ன குலம், இரண்டு தாத்தாக்களும் இன்ன குலங்கள். அவர்கள் வழக்கத்தில் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். நான் பதிலுக்கு ஊர், தெரு, எந்தக் கோயில் வகையறா என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

அவள் நவஹோ இனத்தவள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது டினே என்று. நான் சின்ன வயதில் படித்த புத்தகத்தில் அவர்களைச் செவ்விந்தியர் என்று போட்டிருந்தது. அதை அவளிடம் சொன்னேன். "சிவப்பும் இல்லை, இந்தியரும் இல்லை" என்று சிரித்தாள். "இந்த அறையில் இந்தியர் நீ மட்டும்தான்."

பிறகு பையைத் திறந்து தன் ஜாக்கெட்டைக் காட்டினாள். எங்கள் ஊரில் ஜாக்கெட் என்றாலே ரவிக்கைதான். இது குளிருக்குப் போடுகிற ரகம், வெள்ளை டெனிம் துணியில் தைத்த மேல்சட்டை. முன்பக்கம் வெள்ளிப் பொத்தான்கள். காலர் வெறும் வெள்ளை. திருப்பிப் போட்டாள். முதுகு முழுக்கக் கண்ணாடி மணிகள், கடுகைவிடச் சின்னவை. சிவப்புப் பாறைகள், விடிகாலை வானம், பாறைகளுக்கு நடுவே வரிசையாக மின்கோபுரங்கள், அவற்றுக்குக் கீழே ஆடு ஓட்டிப் போகிற ஒரு பெண். அந்தப் பெண் ஜீன்ஸ் போட்டிருந்தாள்.

முப்பது வருஷமாக மணி தைக்கிறவள் நான். என் மயில் அப்போது பெட்டிக்குள் இருந்தது, அது அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது. பொறாமைதான். வேறு பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் வியாழக்கிழமை. விருந்தினர்களுக்குப் பத்து பாகாட் என்ற ஊரின் துணி ஆலையைச் சுற்றிக் காட்டுவதாக வேன் ஏற்பாடு செய்திருந்தார்கள். போன வேன் ஆயர் ஈத்தாம் பக்கத்தில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், யாருக்கோ போன் பண்ணினார். எல்லா நாட்டிலும் டிரைவர்கள் இதே வரிசையில்தான் செய்கிறார்கள். பக்கத்தில் ஒரு பாய் கடை இருந்தது. முதலாளி ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ரொட்டி சானாயும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தது. வெர்னா பிய்த்து வாயில் போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"எங்கள் வீடு" என்றாள். அவர்கள் ஊரிலும் மாவை எண்ணெயில் பொரித்து ஆட்டுக்கறியோடுதான் சாப்பிடுவார்களாம். முதலாளியிடம் சொன்னேன். "அப்ப அவங்க நம்மாளுங்கதான், காசு வேணாம்னு சொல்லுங்க" என்றார். பிறகு நான் குடித்த தேநீருக்கு மட்டும் கணக்காக வாங்கிக்கொண்டார்.

பக்கத்து மேசையில் லாபிஸ் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், வெள்ளைத் தலை. கொஞ்ச நேரம் வெர்னாவையே பார்த்துவிட்டு, தமிழில் நேராகவே கேட்டார்: "நீங்க எந்தத் தோட்டம்மா?" அந்தக் காலத்தில் இங்கே தமிழர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் விசாரித்துக்கொள்வார்களாம். ரப்பர் தோட்டங்கள் போனாலும் கேள்வி போகவில்லை. நான் மொழிபெயர்த்தேன். வெர்னா எழுந்து நின்று மறுபடி நான்கு குலங்களையும் சொன்னாள். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "நல்ல தோட்டம்தான்" என்று முடித்துவிட்டுத் தன் ரொட்டிக்குத் திரும்பினார்.

வேன் சரியாகும்வரை நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேல்சட்டைப் பையை அவள் மடியிலிருந்து இறக்கவே இல்லை. "அதை வேனிலேயே விட்டிருக்கலாமே" என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

"எங்கள் மக்கள் செய்ததை நான் முதன்முதலில் பார்த்தது கண்ணாடிப் பெட்டியில். பள்ளியிலிருந்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். செருப்பு, சட்டை, இடுப்புப்பட்டை. பக்கத்தில் ஒரு சீட்டு. செய்தவள் பெயர் இல்லை, போட்டுக்கொண்டவள் பெயரும் இல்லை. என் வேலையையும் இதுவரை மூன்று ஊரில் வாங்கினார்கள். மூன்று ஊரிலும் பெட்டிக்குள்தான் வைத்தார்கள். நான் துணிதான் தைக்கிறேன். கடைக்குப் போக, நடனத்துக்குப் போக, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போக. ஒருமுறையாவது ஒருத்தி இதைப் போட்டுக்கொண்டு நடப்பதை நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

என் ரவிக்கைகள் தாலி கட்டும்போது வியர்வையில் நனைகின்றன, பந்தியில் சாம்பார் வாங்குகின்றன. அது ஒரு பாக்கியம் என்று நான் நினைத்ததே இல்லை.

பத்து பாகாட் போய்ச் சேர்ந்தபோது ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரம். இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. பார்த்தவரை போதும் என்று திரும்பினோம். சாயங்காலம் பாசிர் கூடாங் மண்டபத்தில் ஒத்திகை. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ராஜன் பாத்திக் சட்டையில் வியர்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நல்ல மனிதர், பதற்றம் மட்டும் கொஞ்சம் அதிகம். "வாங்கக்கா, வாங்க, வெர்னாவுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று மேடை ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்குகூட வைத்திருந்தார். மேலே 'பூர்வகுடி பாரம்பரியம்' என்று பலகை. "இவ்ளோ பெரிய வேலை, வேர்வை படக்கூடாது பாருங்க. மரியாதையா வெச்சுரலாம்னு கமிட்டில பேசினோம்."

வெர்னா பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அரை மணி நேரம் பேசி, கடைசியில் ராஜன் இறங்கி வந்தார். மற்ற உடைகளைப் போல இதுவும் நடக்கும், கடைசியாக நடக்கும். "ஆனா பெட்டி இருக்கட்டும் லா. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ரெடியா இருக்கும்" என்றார்.

யார் போட்டுக்கொள்வது? மேடையில் நடக்க வந்திருந்த பெண்களுக்குத் தோள் போதவில்லை. எங்களோடு ஒத்திகைக்கு வந்திருந்த மகேஸ்வரி, எங்களுக்கு மகேஸ், போட்டுப் பார்த்தாள். பெட்ரோகெமிக்கல் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள், நல்ல உயரம், வால்வு திருகித் திருகி அகன்ற தோள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. வெர்னா அவளைச் சுற்றி வந்தாள். "இன்றிலிருந்து இது உன்னிடம் இருக்கட்டும். வீட்டிலும் போட்டுக்கொள். உன் தோளை இது பழகிக்கொள்ளட்டும். இதுவரை யாரும் போட்டதில்லை, முதல் ஆள் நீதான்" என்றாள். இந்தக் கடைசி வாக்கியத்தையும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வெர்னாவின் குரல் ஒரே ஒரு சொல்லாகக் கேட்டது. பிறகு குமாரின் அவசரக் காலடி, குழாய்ச் சத்தம். நான் தலையைத் துவட்டியபடி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நடந்தது இதுதான். மகேஸ் விடியலில் தலைக்குக் குளித்துவிட்டு, மேல்சட்டையைச் சாமி மாடத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் வைத்திருக்கிறாள். பூ வைத்திருக்கிறாள். ஊதுபத்தி காட்டியிருக்கிறாள். பிறகு மஞ்சளைக் குழைத்து மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தால் நாம் எல்லோரும் செய்கிறதுதான். சேலைக்கு முந்தானை ஓரம் இருக்கிறது, வேட்டிக்கு மூலை இருக்கிறது. இதற்கு மூலை எங்கே என்று தேடி, காலர் நுனியில் வைத்துவிட்டாள். பளிச்சென்ற வெள்ளைக் காலரில்.

வெர்னா அதைப் பார்த்துக் கத்த, மகேஸ் வெலவெலத்துப்போக, உதவி செய்கிறேன் பேர்வழி என்று குமார் பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மலேசியாவிலும் தெரியும், ஆனால் பதற்றத்தில் யாருக்கு நினைவு வருகிறது? காலர் பாதி ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று மகேஸ் அலறினாள்.

"நான் நல்லதுக்குத்தானே லா செஞ்சேன்!" என்று குமார் பரிதாபமாக நின்றார், கை முழுக்க நுரை.

நான் சட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். என் கடையில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன்: 'மஞ்சள் வைத்த துணியை வேலைக்கு வாங்குவதில்லை.' அந்தப் பலகைக்குப் பின்னால் எத்தனையோ கண்ணீர் இருக்கிறது. குமாரை ஓடவிட்டுச் சின்னப் பச்சை எலுமிச்சை வாங்கிவரச் சொன்னேன், இங்கே எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் அது கிடைக்கும். பிழிந்ததும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. திரும்பியதே தவிரப் போகவில்லை. பொட்டாக இருந்தது இப்போது உள்ளங்கை அகலம். இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டால் மங்கும். வெளியே ஜொகூர் வானம் ஈரச் சாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

யார் சொன்னார்களோ, ராஜன் வந்துவிட்டார். காலரைப் பார்த்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, இதோட எப்படிக்கா மேடையில... போட்டோ எடுப்பாங்க, பத்திரிகையில வரும். பேசாம பெட்டியில வெச்சுருவோம். முதுகைத்தான் பாக்கணும் எல்லாரும், காலரை உள்ள மடிச்சுட்டா ஒண்ணும் தெரியாது."

நான் இதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றேன். ஆனால் பெட்டி என்ற சொல்லுக்கு அவர் கையால் நான்கு பக்கமும் கோடு போட்டுக் காட்டியதை வெர்னா பார்த்துவிட்டாள். எழுந்து போய்க் கார் நிற்கும் முற்றத்தில், படியில் உட்கார்ந்தாள். முதுகு எங்கள் பக்கம். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தைத்திருக்கிறாள், கடல் தாண்டி வந்திருக்கிறாள். கடைசியில் அதே பெட்டி.

மகேஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. நான் நடக்கல. வேற ஆளு நடக்கட்டும். என் மேல கோவம் இருந்தா திட்டச் சொல்லுங்க."

வெர்னா திரும்பாமலே கேட்டாள்: "எதற்காக வைத்தாள் என்று மட்டும் கேள்."

கேட்டேன். மகேஸுக்கு இது ஒரு கேள்வியா என்று ஆச்சரியம்.

"புதுசுக்கா. யாரும் போடாததுன்னு சொன்னாங்கல்ல? கோடித் துணியை அப்படியே உடுத்தக்கூடாது. மஞ்ச வெக்காத கோடி செத்தவங்களுக்குத்தான் போர்த்துவாங்க. உயிரோட இருக்கறவங்க உடுத்தினா மஞ்ச வெக்கணும். அத போடறவங்க நல்லா இருக்கணும், அது கிழியற வரைக்கும் அவங்க இருக்கணும். எங்க பசங்க ஸ்கூல் யூனிஃபாரத்துக்கே நான் வெப்பேன்."

இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. இடையில் இரண்டு முறை தடுமாறினேன். 'செத்தவங்களுக்குத்தான்' என்ற இடத்தில் வெர்னா தலையைத் திருப்பினாள்.

"திரும்பச் சொல்."

திரும்பச் சொன்னேன். பூசாத துணி இறந்தவர்களுக்கு. பூசிய துணி உடுத்திக்கொண்டு வாழப் போகிறவர்களுக்கு.

அவள் எழுந்தாள். மேல்சட்டையை என்னிடமிருந்து வாங்கிக் காலரை விரலால் தடவினாள். "எங்கள் வீட்டில் காலையில் சோளப்பூவின் மகரந்தத்தை எடுத்துத்தான் வேண்டிக்கொள்வோம். மஞ்சள் தூள். அதுவும் இதே நிறம்" என்றாள். பிறகு, "மூன்று ஊர்ப் பெரியவர்கள் என் வேலையைக் கையுறை போட்டுத் தொட்டார்கள். இதைப் போட்டுக்கொள்பவள் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருத்தி போட்டுக்கொள்வாள் என்றே அவர்கள் நினைக்கவில்லை. இவள் நினைத்தாள்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் போகிற துணிக்கு எவள் மஞ்சள் வைப்பாள்? ராஜன் அதைப் பொக்கிஷமாகப் பார்த்தார், நான் வேலைப்பாடாகப் பார்த்தேன். அதைப் புதுத்துணியாகப் பார்த்தவள் மகேஸ் ஒருத்திதான்.

"மஞ்சள் மிச்சம் இருக்கிறதா?" என்று வெர்னா கேட்டாள். மகேஸ் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். வெர்னா விரலைத் தோய்த்து, காலரின் மறுபக்க நுனியில், இந்தப் பக்கம் இருக்கும் அதே அகலத்துக்கு அழுத்தித் தடவினாள். ராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளை நடக்கும்" என்றாள். "மைக்கில் இது மஞ்சள் என்றே சொல்லுங்கள்."

"கறையோடயா? கமிட்டியில என்ன சொல்வாங்க?" என்று ராஜன் என்னிடம் முறையிட்டார்.

"ஏங்க, உங்க கல்யாணத்துல உங்க வீட்டம்மா கூறைச்சேலையில மஞ்ச இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "இருந்துச்சு லா" என்று ஒப்புக்கொண்டார். அவர் சம்சாரம் எங்கிருந்தாலும் அவருக்கு என் நன்றி.

மதியம் முழுக்க வேலை. மஞ்சள் இரண்டையும் சுற்றி மணி கட்டுவது என்று முடிவு. சாப்பாட்டு மேசையைக் காலி செய்தோம். வெர்னா இரண்டு ஊசியால் தைப்பவள். ஓர் ஊசி மணிகளைக் கோத்துக் கிடத்தும், பின்னாலேயே இன்னோர் ஊசி வந்து அவற்றைத் துணியோடு கட்டும். நான் கொக்கி ஊசிக்காரி, துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால்தான் எனக்குக் கை ஓடும். மகேஸ் வீட்டில் சட்டம் ஏது? குமார் பழைய படச்சட்டம் ஒன்றைக் கழற்றித் தந்தார், பாவம், பரிகாரம் தேடிக்கொண்டிருந்தார். இடது காலர் அவளுக்கு, வலது எனக்கு.

நான் சரசரவென்று போட்டுக்கொண்டு போனேன். அவள் எட்டிப் பார்த்தாள். "நீ அவசரப்படுகிறாய்" என்றாள்.

"எங்கள் ஊரில் முகூர்த்தம் காத்திருக்காது" என்றேன்.

"எங்கள் ஊரில் ஆடு காத்திருக்காது. அதற்காக மணியை நெரிக்க மாட்டோம்."

பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். முப்பது வருஷத்தில் என் வேலையைப் பிரிக்க வைத்த முதல் ஆள். கோபம் வந்தது, அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடித்துவிட்டோம். இரண்டு காலரிலும் மஞ்சள் நிலம், அதைச் சுற்றி நீலமும் வெள்ளையும் சிவப்பும் மூன்று வரிசை மணி. முதலிலிருந்தே அப்படித் தைத்தது போலிருந்தது. மகேஸ் தட்டில் சோறும் நெத்திலி சம்பாலும் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் ஊட்டியே விட்டாள். கை மணியில் இருந்ததால் நாங்களும் வாயைத் திறந்தோம்.

சனிக்கிழமை மதியம் மழை கொட்டியது. மண்டபத்துக்குள் நுழைவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டோம். ஆனால் கூட்டம் குறையவில்லை. ஷிப்ட் முடித்து யூனிஃபாரத்தோடு வந்தவர்களே பாதிப்பேர். என் ரவிக்கை நடுவில் நடந்தது. கைதட்டினார்கள், மயிலைப் பார்த்து "வாவ்" என்றார்கள், எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி சரியாக அரை மணி நேரம் நீடித்தது.

கடைசியில் வெர்னாவின் முறை. பின்னணிக்கு ராஜன் புல்லாங்குழலும் காற்றுச் சத்தமும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். வெர்னா அதைக் கேட்டுவிட்டு, "இது தலைவலி மாத்திரை விளம்பரம்" என்றாள். வாசலில் நிறைவு நிகழ்ச்சிக்காக ஓர் உறுமி மேளக் குழு சும்மா நின்றுகொண்டிருந்தது. "அவர்கள்" என்று கை காட்டினாள்.

ராஜன் மைக்கைப் பிடித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது இந்த வருஷம் செஞ்சு முடிச்சது. செஞ்சவங்க பேரு வெர்னா, டினே இனத்தவங்க. இதுதான் இதோட முதல் நாள். காலர்ல இருக்கறது மஞ்சள். வெச்சது மகேஸ்வரி, பாசிர் கூடாங். உடுத்தறதும் அவங்கதான்."

உறுமி முழங்கியது. மகேஸ் திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். மாடல் நடை நடக்க யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் வேலைக்குப் போகிற நடையே நடந்தாள், பஸ் போய்விடுமோ என்ற வேகத்தில், தலை நிமிர்த்தி. கூட்டம் முதலில் காலரைப் பார்த்தது. முன் வரிசையில் ஓர் அம்மா, "ஏய், மஞ்ச வெச்சிருக்கா பாரு!" என்று சத்தமாகவே சொன்னார். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் முழுக்கக் குலவை மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. மேடை முனையில் மகேஸ் திரும்பினாள். முதுகு தெரிந்தது. சிவப்புப் பாறை, விடிகாலை, மின்கோபுரங்கள், ஜீன்ஸ் போட்ட பெண். யூனிஃபாரம்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தக் கோபுரங்களை அவர்களுக்குத் தெரியும், தினமும் அவற்றின் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

நான் அழுதேன். ஒளித்து என்ன, நன்றாகவே அழுதேன். பக்கத்தில் வெர்னா அழவில்லை. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தபடி, மகேஸ் போய் மறையும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

முடிந்ததும் மகேஸ் ஓடி வந்தாள். "அக்கா, ஏழு மணி ஷிப்ட். கிலாங் பஸ் வந்துரும், கழட்டித் தந்துர்றேன்." கிலாங் என்றால் இங்கே தொழிற்சாலை.

"பஸ் வரைக்கும் போட்டுக்கொண்டு வா" என்றாள் வெர்னா.

மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ நனைந்த குடைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள், பக்கத்தில் உறுமிக்காரர்களின் சாப்பாட்டுப் பொட்டலம். அந்தப் பெட்டி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

மழை விட்டிருந்தது. ஈரச் சாலையில் மகேஸ் முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். பழக்கடைக்காரர் பார்த்தார், ஸ்கூட்டரில் போன மலாய்ப் பெண்கள் இருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். வெர்னா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கியே வந்துவிட்டார்கள். ஒருத்தி காலரைத் தொட்டாள், ஒருத்தி ஆட்டை எண்ணினாள், ஒருத்தி தானும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். போட்டுப் பார்த்தாள். அடுத்தவளும். டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த ஊரில் நான் கேட்ட முதல் ஹாரன் அது.

மகேஸ் சட்டையைத் திருப்பித் தந்துவிட்டு ஏறினாள். வெர்னா அதை மடிக்கவில்லை, தானே போட்டுக்கொண்டாள். குமார் அழைத்துப் போகத் தன் பழைய பைக்கைக் கொண்டுவந்திருந்தார், இங்கே அதற்கு மோட்டோ என்று பெயர். எனக்கு, பின்னால் வரும் அவர் நண்பரின் வண்டி, வெர்னாவுக்குக் குமாரின் பின்சீட்டு. ஈரோட்டுக்குப் போனதும் என் கடைப் பலகையைக் கழற்றிவிடப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொழில் வேறு. ஆனால் மஞ்சள் வைத்த துணியோடு வருகிறவளை இனிமேல் முறைக்க மாட்டேன், அவ்வளவு சொல்லலாம்.

பஸ் நகரும்போது மகேஸ் ஜன்னலில் தலையை நீட்டினாள். "அக்கா! அவங்ககிட்ட சொல்லுங்க! எத வேணா பண்ணட்டும், சோப்பு மட்டும் போட வேணாம்!"

நான் சாலைக்கு நடுவில் நின்று கத்தி மொழிபெயர்த்தேன். வெர்னா மோட்டோவில் உட்கார்ந்தபடியே இரண்டு காலரையும் நிமிர்த்திவிட்டுக் கையை ஆட்டினாள். குமார் வண்டியைக் கிளப்பினார். மின்கம்பிகளுக்குக் கீழே, எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டி, ஆடும் பாறையும் விடிகாலையுமாக அவள் முதுகு போய்க்கொண்டே இருந்தது. பஸ் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் கைகள் ஆடின.